இல்லாதவர் அறை

எங்கள் அண்ணன் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. அலுவலகத்தில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணத்தைக்கூட ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார். அன்று மதியமே புதுச்சட்டையோடு கிளம்பிப்போய் இரண்டு மணி நேரம் சர்வர் அறையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பந்தியில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணி என் தட்டைப் பார்த்து, "நீயாவது நல்லா சாப்பிடு" என்றார்.

இந்த விசாரணையில் நீங்கள் ஒத்திகை நாள் காலையிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். அங்கிருந்து தொடங்கினால் சரியாகப் புரியாது. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேசி வழக்கமில்லை. எழுதித் தருகிறேன் என்று கேட்டது அதனால்தான். எதையும் மறைப்பதற்காக இல்லை.

எங்கள் நிறுவனம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறது. கிடங்கில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். எந்தப் பெட்டியில் என்ன மருந்து, எப்போது காலாவதி, யாருக்கு எத்தனை போக வேண்டும் என்பது சர்வருக்கு மட்டும்தான் தெரியும். சர்வர் நின்றால் வண்டிகள் நிற்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால் எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு மருந்து தீர்ந்துபோகும். அதனால் எங்களுக்கு எல்லாக் கணக்கும் நாலு மணி நேரம்தான்.

அந்த சர்வரை உயிரோடு வைத்திருப்பது அண்ணன் வேலை. அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சாவிக்கொத்து. எல்லாப் பாஸ்வேர்டும் அவர் தலைக்குள் இருக்கும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆறு வருடத்துக்கு முன்னால் படிப்பு முடித்துவிட்டு நானும் அதே பிரிவில் சேர்ந்தேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் சாவிக்கொத்தோட தங்கச்சி. நான் எதையாவது சரிசெய்தால், "அண்ணன்கிட்ட கேட்டுட்டுதானே பண்ணே?" என்பார்கள். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வாக்குவாதம் எனக்கு வராது.

நாலு வருடத்துக்கு முன்னால் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து சர்வர் அறைக்குள் தண்ணீர் வந்தது. முழங்கால் வரை நின்றது. பேக்கப் இருந்தது. ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவர எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அண்ணன் நாலு நாள் வீட்டுக்கு வராமல் ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுப்பினார். அதற்குப் பிறகுதான் முதலாளி வருடம் ஒருமுறை பேரிடர் ஒத்திகை வேண்டும் என்றார். என்னை அதற்குப் பொறுப்பாகப் போட்டார். எழுத்து வேலை நிறைய இருக்கும், பொம்பளைப் பிள்ளை பொறுமையா செய்யும் என்று காரணம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

எங்கள் ஒத்திகையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வது மட்டும் போதாது. ஆளும் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிரிவில் இருக்கும் எட்டுப் பேர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு முதலாளி ஒன்றை எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அவர் அன்று இல்லாதவர். மஞ்சள் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டாவது மாடியில் ஒரு சின்ன அறையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஃபோன், பை எல்லாம் ஒத்திகைப் பொறுப்பாளரிடம். அவரிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது. யாராவது தொடர்பு கொண்டால் ஒத்திகை செல்லாது. அடுத்த வருடம்தான் மறுபடியும். விதிகளை எழுதியது நான்தான். இல்லாதவர் என்று நான் எழுதியதை எல்லோரும் செத்தவர் என்று சுருக்கிக்கொண்டார்கள். முதல் ஒத்திகையில் பிரிண்டர் பார்க்கிறவர் பெயர் வந்தது. "நான் உயிரோட இருந்தப்பவே யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல" என்றபடி மேலே போய் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தார்.

மூன்று ஒத்திகையிலும் அண்ணன் பெயர் வரவில்லை. அவர் இருந்ததால் ஐம்பது நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று வருடமாக நாங்கள் ஒத்திகை பார்த்தது ஒன்றையே: அண்ணன் இருக்கிறாரா, இல்லையா என்பதை.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. பத்தொன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசி. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நோயாளி என்றால் நடுராத்திரியில் தயங்கித் தயங்கிக் கூப்பிடுவார்கள், அது வேலைக்கு ஆகாது என்பார். பதினொரு மணிக்கு அவர் பிஸ்கட் கொறிப்பதைப் பார்த்து எலி என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். இத்தனை வருடத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. சர்க்கரை திடீரென்று குறைந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். அவருக்கு அந்த அறிகுறிகள் நின்றுபோயிருந்தன. அதனால் பசி பார்த்துச் சாப்பிடுவதில்லை. கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவார்.

சென்ற வருடக் கடைசியில் அவருடைய வலது கண்ணில் இரத்தம் கசிந்தது. கண் மருத்துவரிடம் அண்ணியும் நானும்தான் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சுற்றி வளைக்காத மனிதர். "கண்ட நேரத்துல தூங்கி, கண்ட நேரத்துல சாப்பிட்டா ரெண்டு வருஷம் தாங்காது. வேலையை மாத்துங்க, இல்ல கண்ணை மறந்துடுங்க" என்றார். வெளியே வந்ததும் அண்ணன், "சரியான கோபக்காரர்ல" என்று சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம், "நான் சொன்னா கேக்க மாட்டார். அந்த ஆபீஸ் அவரை விட்டாத்தான் உண்டு. நீ உள்ளயே இருக்கே. ஏதாவது செய்யேன்" என்றார். அண்ணி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் முதலாளியிடம் போனேன். பேசுவதற்கு முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வியாதியைப் பற்றிச் சொல்லவில்லை. ஓய்வு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் நல்லவர்தான். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? அவர் இல்லாம உங்களால முடியுமா, அதைக் காட்டு. ஒத்திகையில நாலு மணி நேரத்துக்குள்ள எழுப்பிக் காட்டிட்டா, அடுத்த நாள்லேர்ந்து ராத்திரியில அவருக்கு ஒரு ஃபோன் வராது. நான் பொறுப்பு. எழுப்ப முடியலேன்னா என்னைக் குத்தம் சொல்லாதே" என்றார்.

நியாயமான பேச்சுதான். அண்ணனின் கண்ணும் மீதி வாழ்க்கையும் அந்த நாலு மணி நேரத்தில் இருப்பதாக எனக்குத் தெளிவானது. அதனால் இந்த வருடம் எட்டுச் சீட்டிலும் அண்ணன் பெயரையே எழுதினேன். அது தப்புதான். முதலாளி கையை விட்டு எடுத்துப் பெயரைப் படித்தபோது எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மற்ற ஏழு சீட்டையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிழித்துப் போட்டேன்.

இனி அந்த நாள் காலை.

அண்ணன் எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டார். ஒத்திகை பற்றிய உற்சாகத்தில் பாதிதான் சாப்பிட்டார். அண்ணி பையில் பிஸ்கட் பாக்கெட்டும் குளுக்கோஸ் பொடியும் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பதினோரு மணி. அவர் மறந்துடுவார், நீ மறக்க மாட்டே" என்றார். நான் அவர் முன்னாலேயே என் ஃபோனில் பதினொரு மணிக்கு அலாரம் வைத்தேன். அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் அவர், "என்ன பாப்பா, அண்ணனையே கொன்னுட்டியே" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். பாப்பா என்பது வீட்டில் என் பெயர்.

ஒன்பது மணிக்கு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டு ஃபோனையும் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டேன். கடிகாரத்தில் செய்தி வரும் என்பதால் அதுவும் கூடாது. பையையும் வாங்கினேன்.

"பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கறேன்" என்றார்.

சென்ற ஒத்திகையில் நெட்வொர்க் பார்க்கிறவர் பெயர் வந்திருந்தது. அவர் காலி பிஸ்கட் பாக்கெட்டுக்குள் விடையை எழுதி வைத்து, குப்பை என்று வெளியே கொடுத்தனுப்பிவிட்டார். அதனால் இந்த வருடம் பாக்கெட்டும் கூடாது என்று ஒரு விதி சேர்த்திருந்தேன்.

"பதினோரு மணிக்கு நானே கொண்டுவந்து தரேன்" என்றேன். அதுவும் தொடர்புதான், ஆனால் சாப்பாடு கொடுப்பதை விதியில் எப்படியாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன்.

"உன் சட்டம் எல்லாருக்கும் சட்டம்தானே" என்று சொல்லிவிட்டு அண்ணன் மாடி ஏறினார். நெட்வொர்க்காரர் பின்னாலிருந்து, "சார், மேல போனதும் எங்களுக்கும் ரெண்டு இடம் பிடிச்சு வைங்க" என்றார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

அந்த அறையைப் பூட்டுவதில்லை. கதவில் முகத்தின் உயரத்துக்குக் கண்ணாடி உண்டு. உள்ளே மேசை, இரண்டு நாற்காலி, ஒரு உள் தொலைபேசி. அதைத் தூக்கினால் என் மேசையில் மட்டும் மணி அடிக்கும். கடிகாரம் கிடையாது. பூட்டாத அறையிலிருந்து அவர் ஏன் எழுந்து வெளியே வரவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. மாற்று சர்வரை மேசைமேல் வைத்துப் பேக்கப்பைத் திறக்கப் போனோம். அதற்கு ஒரு நீளமான பாஸ்வேர்ட் உண்டு. தீப்பிடிக்காத பெட்டகத்தில் உறை போட்டு ஒட்டி வைத்திருப்போம். உறையைக் கிழித்தோம். உள்ளே அண்ணனின் அழகான கையெழுத்து. தட்டினோம். திறக்கவில்லை. மூன்று முறை தட்டினோம். அண்ணன் நடுவில் எப்போதோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, உறையில் மாற்ற மறந்திருந்தார். தலைக்குள் வைத்திருக்கிறவருக்கு உறை எதற்கு.

நெட்வொர்க்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முடிஞ்சுது. மேல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்."

"செத்தவங்ககிட்ட கேக்க முடியாது" என்றேன்.

"அம்மா தாயே, உங்க அண்ணன்தானே."

"அதனாலதான்" என்றேன்.

ஆர்டர் எடுக்கும் அக்கா என்னைப் பார்த்தார். நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் என் ஃபோனில் அலாரம் அடித்தது. முதல் விசாரணையில் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. அலாரத்தை நிறுத்தினேன். இந்தச் சமயத்தில் நான் மாடி ஏறினால் பாஸ்வேர்ட் கேட்கப் போனதாகத்தான் நினைப்பார்கள். பிறகு எப்படி எழுப்பினாலும் அண்ணன் சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகும். முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். பத்து நிமிடம் கழித்துப் போகலாம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்தும் அதே நிலைமைதான்.

பதினொன்று இருபத்தைந்துக்கு உள் தொலைபேசி அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். "ஆவி தவிக்குது பாரு" என்றார் நெட்வொர்க்காரர். நான் எடுத்துக் காதில் வைத்தேன். பேசவில்லை. கேட்டுவிட்டு வைத்தேன்.

"என்னவாம்?"

"க்ளூ குடுக்கப் பாக்கறார்" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்துக் காதில் வைக்காமல், கீழேயும் வைக்காமல், மேசைமேல் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் அதிலிருந்து சன்னமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கணினியின் விசிறிச் சத்தத்தில் அது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

அந்த ரிசீவரைப் பார்த்தபடி இருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. உறையில் இருப்பது பழைய பாஸ்வேர்ட். அப்படியானால் பழைய பேக்கப்பை அது திறக்கும். மாதம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்கைக் கிளை அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறோம். போன மாதத்தது புது பாஸ்வேர்டாக இருக்கலாம், ஆனால் இரண்டு மாதத்துக்கு முந்தியதும் அங்கே இருக்கும். அதைக் கொண்டுவந்து திறந்தால் இரண்டு மாதம் பழைய சர்வர் எழும். இரண்டு மாத வித்தியாசத்தை வண்டி ஓட்டுநர்கள் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் தாள்களிலிருந்து சரிசெய்யலாம். முழுவதும் வேண்டாம், இன்று வண்டி கிளம்பத் தேவையான மருந்துகளுக்கு மட்டும் போதும். கிளை அலுவலகம் பைக்கில் பதினைந்து நிமிட தூரம்.

இதை அவர்களிடம் சொன்னேன். ஆர்டர் அக்கா, "ஏய், ஆகும் போலிருக்கே" என்றார். நெட்வொர்க்காரர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது, "சாவிக்கொத்தே இதை யோசிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிஸ்க் வந்தது. பாஸ்வேர்டைத் தட்டினேன். திறந்தது. பன்னிரண்டு மணிக்கு நகல் ஏறத் தொடங்கியது. ஆர்டர் அக்காவும் இன்னும் மூன்று பேரும் தாள்களைப் பிரித்து வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார்கள். இதை முதலில் போடவா, அதை முதலில் போடவா என்று என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். நான் சொன்னபடி செய்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முதல் வண்டிக்கான சீட்டு பிரிண்டரிலிருந்து வந்தது. மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலாளியே இறங்கி வந்து கைகொடுத்தார். நான் நேரத்தை அறிக்கையில் எழுதினேன். பிறகு பிஸ்கட்டையும் குளுக்கோஸையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அண்ணன் சுவரோரமாகக் கிடந்தார். ரிசீவர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் குளுக்கோஸ் வைத்தேன், உள்ளே போகவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவரிடம் இன்சுலின், எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "நல்லவேளை, விவரம் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார். சர்க்கரையை உடனே ஏற்றிவிட்டார்கள். ஆனால் மூளை அதற்குள் நீண்ட நேரம் பட்டினி கிடந்திருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார், யாரையும் பார்க்கவில்லை. ஒன்பதாவது நாள் காலை மூச்சு நின்றது.

அந்த ஒன்பது நாளும் அண்ணி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரை அளவு பார்க்க ஊசிகள் குத்திக் குத்தி விரல் நுனிகள் எல்லாம் காய்ப்பேறியிருந்தன. எட்டாவது நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "பதினோரு மணிக்கு அவர் தின்னாரா இல்லையான்னு நான் உன்னைக் கேக்கவே மாட்டேன். நீ எடுத்துட்டுப் போயிருப்பே. எனக்குத் தெரியும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தச் சேலையில் எங்கள் வீட்டுச் சோப்பு வாசனை வந்தது. அப்போது நான் அழுதேன். அது நடிப்பில்லை. நான் அண்ணனை நேசித்தவள். அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. அவர்தான் என்னை வளர்த்தார். என் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு வருடம் மலிவான ஊசி போட்டுக்கொண்டவர் அவர்.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

முதலாவது, அவர் ஃபோனில் என்ன சொன்னார் என்பது. அவர் க்ளூ எதுவும் கொடுக்கவில்லை. "பாப்பா, கதவு எங்க இருக்கு?" என்று கேட்டார். குழறலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்பது வயது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் சமையலறையில் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டு இதே வார்த்தைகளில் கேட்டார். கதவு அவருக்குப் பின்னால் திறந்து கிடந்தது. நான் ஸ்டூலில் ஏறி டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில், "என்ன பாப்பா, முகமெல்லாம் இனிக்குது" என்று சிரித்தார். பூட்டாத அறையிலிருந்து அவர் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுதான் பதில். அவருக்குக் கதவு தெரியவில்லை. எனக்கு அது தெரியும். ஃபோனை வைக்கும்போதே தெரியும்.

இரண்டாவது, வராந்தா கேமராவில் இருக்கும் அந்த நாற்பது விநாடி. பன்னிரண்டு ஏழுக்குக் கையில் பிஸ்கட்டோடு மாடிப்படியில் ஏறுவது நான்தான். அந்தப் பதிவு மூன்று இடங்களில் இருக்கிறது. அழிக்க எனக்கு அதிகாரமும் இருந்தது, ஒன்பது நாள் நேரமும் இருந்தது. பேக்கப்பை அழிப்பது என் வேலை இல்லை.

நகல் அப்போது பாதி ஏறியிருந்தது. அது தானாக ஏறும். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதனால்தான் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் கீழே உட்கார்ந்திருந்தார். மஞ்சள் அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். மெதுவாக, ஒரு இடம் விடாமல் தடவினார். அவர் எதைத் தேடினாலும் அப்படித்தான் தேடுவார். இன்னும் நாலு அடி தள்ளித் தடவியிருந்தால் கதவு கிடைத்திருக்கும். நான் கைப்பிடியில் கை வைத்தேன். கீழேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாவிக்கொத்தோட தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். குறைந்த சர்க்கரையோடு அவர் ஒரு மணி நேரம் தாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்கியது என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியாதவள் இல்லை. இறங்கி வந்துவிட்டேன். பிஸ்கட்டை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஐம்பத்திரண்டு வரை நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மையைச் சொல்லச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

எல்லாம் அண்ணனுக்காகச் செய்ததுதான். அவர் இல்லாமல் அலுவலகம் நடக்கும் என்று காட்டினால்தான் அவருக்கு விடுதலை. அது நடந்தும்விட்டது. முதலாளி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து ராத்திரி அழைப்புகள் என் எண்ணுக்குத்தான் வருகின்றன.

என் ஒத்திகை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "செல்லாது" என்று நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் கதவைத் திறக்கவில்லை. ஃபோனில் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு வரை இல்லாதவரோடு யாரும் எந்தத் தொடர்பும் கொள்ளவில்லை. விதிப்படி அது செல்லும்.